ஒற்றியும் குடிக்கூலியும்

(மொழிப் பயிற்சிக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தெருவில் நடந்து செல்லுங்கால் கண்ணிற் படும் ஒரு சிறிய அட்டைதான் இற்றைப் பேச்சுக்கு உரிய பொருள். வீடொன்று ஆளின்றிப் பூட்டிக் கிடக்கின்றது. கதவில் ஓர் அட்டை தொங்குகின்றது. அதில் முதல் வரி 'டூ லெட்'. ஆங்கிலச் சொல், எழுத்து மட்டும் தமிழ். இரண்டாம் வரி 'வாடகைக்கு அல்லது லீசுக்கு'. மூன்றாம் வரி 'போக்கியத்துக்கும் விடப்படும்'. மூன்று வரிகளிலும் சேர்த்து மூன்று மொழிகளின் சரக்கு இருக்கின்றது. தமிழாக எஞ்சியவை 'அல்லது' போன்ற இடைச்சொல்லும் வேற்றுமை உருபும் வினைமுற்றும் மட்டுமே.

அவ்வட்டையைப் படிப்பவர் தமிழர். எழுதியவர் தமிழர். வீடு தமிழ்மண்ணில் நிற்கின்றது. ஆயினும் அம்மூன்று சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டால், பத்துப் பேரில் எத்தனை பேர் விடை சொல்வர்? 'வாடகை என்றால் மாதந்தோறும் கொடுப்பது. மற்ற இரண்டும் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போகும்போது திரும்ப வாங்கிக் கொள்வது' என்ற அளவில் விடை நின்றுவிடும். லீசுக்கும் போக்கியத்துக்கும் வேறுபாடு என்ன என்று மேலும் கேட்டால், 'இரண்டும் ஒன்றுதான்' என்பார்கள். அவ்விரண்டும் ஒன்றல்ல என்பதும், ஒன்றென்று நம்பியமையால் ஏழைக் குடும்பங்கள் வாழ்நாள் ஈட்டத்தை இழந்து நிற்கின்றன என்பதும், அவ்விழப்புக்குச் சொல் மயக்கம் ஒரு கரணியம் என்பதுமே இங்கு எடுத்துக் காட்டப்படுவன.

குடியும் கூலியும்

முதலில் மாதந்தோறும் கொடுக்கும் பணத்தை எடுத்துக் கொள்வோர்க்குத் தமிழில் சொல் இல்லையா? உண்டு. குடிக்கூலி என்பது அதன் பெயர். குடி என்பது குடியிருத்தல், குடும்பம், உழவன், ஊர் என்றெல்லாம் விரிந்த பழஞ்சொல். கூலி என்பது ஒன்றைப் பயன்கொண்டதற்கு ஈடாகக் கொடுப்பது. குடியிருத்தற்குக் கொடுப்பது குடிக்கூலி. வண்டியைப் பயன்கொண்டதற்குக் கொடுப்பது வண்டிக்கூலி. சுமந்ததற்குச் சுமைகூலி. நெய்ததற்கு நெசவுக்கூலி. எத்துணைத் தெளிவு! சொல்லைக் கேட்ட அளவிலேயே பொருள் விளங்குகின்றது. அகரமுதலி புரட்ட வேண்டியதில்லை.

வாடகை என்பது வடமொழிப் 'பாடக' என்னும் சொல்லின் வழிவந்ததெனச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி காட்டும். கன்னடத்தின் பாடிகெ, தெலுங்கின் பாடுக என்பனவும் அதன் உறவுகளே. அச்சொல் வந்து நெடுங்காலம் ஆயிற்று. எனினும் அது வந்ததால் குடிக்கூலி செத்துவிடவில்லை. சென்னையிலும் அதனைச் சூழ்ந்த வடமாவட்டங்களிலும் எழுத்தறியாத பாட்டிமார் வாயில் இன்றும் 'குடக்கூலி' வழங்குகின்றது. 'குடக்கூலி வீடு', 'குடக்கூலி குடுத்தாச்சா?' என்று அவர்கள் கேட்பதைச் செவிமடுத்தவர் பலர். படித்தவர் அதைக் கொச்சை என்று இகழ்ந்தனர். அஃது உண்மையில் குடிக்கூலி என்னும் தூய சொல்லின் பேச்சு வடிவம். கற்றவர் கைவிட்டதைக் கல்லாதவர் காத்து வைத்திருக்கின்றனர்.

'கூலி என்பது தாழ்வான சொல்லாயிற்றே, மதிப்புள்ளோர் வீட்டுக்கு அதைச் சொல்லலாமா?' என்று சிலர் வினவுவர். கூலி தாழ்ந்தது எப்போது? திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619-ஆம் குறளில், முயற்சியின் பயனைக் குறிக்கக் கூலி என்னும் சொல்லையே ஆண்டிருக்கின்றார். அவர்க்கு அது தாழ்ந்த சொல்லாகத் தோன்றவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை, மலேயா, மொரீசியசு, நெட்டால் ஆகிய நாடுகளின் தோட்டங்களுக்குத் தமிழுழைப்பாளரைக் கப்பலேற்றிய வெள்ளை முதலாளிகள், உழைப்புக்குக் கொடுக்கும் பணத்தின் பெயரால் மாந்தனையே அழைத்தனர். பணத்துக்குப் பெயராக இருந்தது மனிதனுக்கு இழிபெயராயிற்று. இழிவு சொல்லில் இல்லை. அழைத்தவன் நெஞ்சில் இருந்தது. அவன் போய்விட்டான். அவன் பூசிய கறையைத் துடைத்தெறிவதை விட்டுச் சொல்லையே எறிந்துவிடுவது அறிவுடைமை ஆகாது.

வாரமும் குத்தகையும்

அடுத்து நிலத்துக்கு வருவோம். பிறர் நிலத்தை உழுது பயன்கொள்ளும் முறைகளுக்குத் தமிழில் நுண்ணிய சொற்கள் இருந்தன. விளைவதில் இன்ன பங்கு என்று பேசிக்கொள்வது வாரம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்துணைக் கலம் அல்லது இத்துணைப் பணம் என்று முன்னரே அறுதியிடுவது குத்தகை. குத்துமதிப்பு என்னும் சொல்லில் உள்ள 'குத்து' இங்கும் இருக்கின்றது. ஒட்டுமொத்தமாகக் குறிப்பது என்பது கருத்து. கன்னடத்தார் குத்திகெ என்றும் தெலுங்கர் குத்த என்றும் வழங்குதலால், இது தென்மொழிக் குடும்பத்தின் பொதுச்சொத்து என்பது விளங்கும்.

இவ்விரு சொற்களின் வேறுபாடு ஏட்டு வேறுபாடு அன்று, வயிற்று வேறுபாடு. மழை பொய்த்த ஆண்டில் வாரக்குடியானவன் குறைந்த விளைவில் குறைந்த பங்கைக் கொடுத்துத் தப்புவான். குத்தகைக்காரனோ விளையாத நெல்லையும் அளக்க வேண்டும். வெள்ளம் வந்தால் வாரத்தில் இழப்பு இருவர்க்கும். குத்தகையில் இழப்பு உழுதவனுக்கு மட்டும். ஒரு சொல்லை மாற்றி எழுதினால் ஒரு குடும்பத்தின் உலை மாறிப்போகும்.

உடையவன் பங்கு மேல்வாரம், உழுபவன் பங்கு குடிவாரம் என்ற வழக்கு, வெள்ளையர் ஆட்சியில் முறைமன்றங்களையும் ஆண்டது. சென்னை மாகாணத்து ஆங்கிலத் தீர்ப்புகளில் மேல்வாரம், குடிவாரம் என்னும் சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதப்பட்டன. ஆங்கிலேயன் தன் மொழியில் ஒத்த சொல் தேடி அலையாமல் தமிழ்ச்சொல்லைக் கடன்கொண்டான். தமிழனோ தன் சொல்லைத் தூக்கிக் குப்பையிற் போட்டுவிட்டு அவனிடம் 'லீசு' கடன் வாங்கினான்.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு நிலம் கொடுக்கும்போது முன்னிருந்த குடிகளை அகற்றிக் கொடுத்தால் 'குடிநீக்கிய' தேவதானம். அகற்றாமல் கொடுத்தால் 'குடிநீங்காத்' தேவதானம். நிலத்தின் மேலுரிமை மீயாட்சி. உழும் உரிமை காராண்மை. நிலம் கை மாறினும் அதில் வாழும் குடியின் நிலை யாது என்பதை ஒரே சொல்லில் கல்லில் வெட்டி வைத்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உடைமைக்கும் குடியுரிமைக்கும் வேறு வேறு சொல் வைத்திருந்த இனத்தார், இன்று ஒரு வீட்டுக் கதவில் மூன்று கடன்சொற்களைத் தொங்கவிட்டு, அவற்றின் வேறுபாடு அறியாமல் திகைக்கின்றனர்.

உரிமையாட்சி வந்தபின் உழுகுடிகளைக் காக்கப் பல சட்டங்கள் தோன்றின. 1955-இல் உழுகுடிகள் காப்புச் சட்டம்; 1956-இல் நேரிய குத்தகைச் சட்டம். நன்செய் விளைவில் நூற்றுக்கு 40 பங்கு என்று முதலில் வரையறுத்த உடையவன் பங்கு பின்னர் 25 ஆகக் குறைக்கப்பட்டது. மனை ஒருவருடையது, மேற்கட்டடம் மற்றொருவருடையது என்னும் நிலையில் குடியிருப்போர்க்கு 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் காப்புச் சட்டம் வந்தது. அம்மனையை மக்கள் 'அடிமனை' என்கின்றனர். எத்துணை அழகிய சொல்! அதையும் யாரும் சொல்லித் தரவில்லை; மக்களே படைத்துக் கொண்டனர்.

ஒற்றி

இனி, தலையாய சொல்லுக்கு வருவோம். போக்கியம் என்று வடமொழியில் எழுதப்படுவதற்குத் தமிழ் ஒற்றி. பேச்சில் ஒத்தி. காற்று 'காத்து' ஆவதும், நேற்று 'நேத்து' ஆவதும், ஊற்று 'ஊத்து' ஆவதும் போல் ஒற்றி 'ஒத்தி' ஆயிற்று. ஒற்றுதல் என்பது பொருந்துதல், சேர அமைதல். பணம் ஒரு கையிலும் உடைமை மற்றொரு கையிலுமாகப் பொருந்தி நிற்பதால் ஒற்றி எனப்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஒரு குறிப்பை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். கூட்டத்தை 'ஒத்திவைத்தல்' என்பது வேறு. அது விலகுதல், ஒதுங்குதல் என்னும் பொருளுடைய ஒத்துதல் என்னும் வினையடியாக வந்தது. நிலத்தை 'ஒற்றிவைத்தல்' வேறு. எழுத்தில் றகர ஒற்றை விடாமல் எழுதினால் இரண்டும் மயங்கா. நாளிதழில் 'நிலத்தை ஒத்தி வைத்தார்' என்று எழுதுங்கால், நிலத்தைத் தள்ளிப் போட்டாரோ என்று படிப்பவர் மயங்க நேர்கின்றது.

ஒற்றி ஓரூர் வழக்கு அன்று. மலையாளத்தார் இன்றும் ஒற்றி என்றே வழங்குகின்றனர். 1887-இல் வெளிவந்த வில்லியம் லோகனின் மலபார் நூல் அந்நாட்டு நிலவுரிமை வகைகளுள் ஒற்றியையும் விளக்குகின்றது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குகளை ஒல்லாந்தர் ஆட்சியில் 1707-இல் கிளாசு ஐசாக்சு தொகுத்தளித்த தேசவழமை, ஒற்றியின் முறைகளைத் தனியே கூறுகின்றது. அது 1806-இல் ஆங்கிலேயரால் சட்டமாக ஏற்கப்பட்டது. சைவப் பாடல்களிலோ, திருவொற்றியூர் என்னும் ஊர்ப்பெயரைக் கொண்டு, ஊரையே ஒற்றிவைத்துவிட்டவன் என்று இறைவனை நகையாடும் மரபே உண்டு. ஒரு சொல்லை வைத்து நகையாடிக் கேட்போர் சிரித்தனர் என்றால், அச்சொல்லின் பொருள் அந்நாளில் ஊரார் எல்லார்க்கும் தெரிந்திருந்தது என்பது திண்ணம்.

ஒற்றியின் பொருள் யாது? ஒருவர்க்குப் பணம் வேண்டும். அவரிடம் வீடோ நிலமோ உண்டு. மற்றொருவரிடம் பணம் பெறுகின்றார். அதற்கு ஈடாக வீட்டை அவர் கையில் ஒப்படைக்கின்றார். பணம் கொடுத்தவர் அவ்வீட்டில் குடியிருக்கலாம். நிலமானால் உழுது உண்ணலாம். அப்பயனே அவர் பணத்துக்கு வட்டி. பணத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று உடைமை உடையவர்க்குத் திரும்பும். பணம் வாங்கியவர் வட்டி கொடுப்பதில்லை. வீட்டில் இருப்பவர் குடிக்கூலி கொடுப்பதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 58-ஆம் பிரிவின் 'ஈ' கூறாக இதனையே வரையறுக்கின்றது. வீட்டை ஒப்படைக்காமல், வீட்டின்மேல் பொறுப்பை மட்டும் ஏற்றிக் கடன் வாங்குவது வேறு; அதற்குத் தமிழில் ஈடு என்று பெயர். ஈட்டில் உடைமை உடையவரிடமே இருக்கும்; ஒற்றியில் அது கை மாறும்.

இனிக் குத்தகையைப் பாருங்கள். அதே சட்டத்தின் 105-ஆம் பிரிவு அதனை வரையறுக்கின்றது. ஒரு காலத்துக்கு ஓர் உடைமையைப் பயன்கொள்ளும் உரிமையை விலை பெற்றோ, விலை பேசியோ மாற்றித் தருவது குத்தகை. அங்கே கடன் இல்லை. குத்தகைக்கு இருப்பவர் குடி, உடையவர் உடையவரே.

இங்கேதான் உயிர்நிலை இருக்கின்றது. குடிக்கூலியிலும் குத்தகையிலும் வீட்டில் இருப்பவர் உடையவர்க்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். ஒற்றியிலோ உடையவரே வீட்டில் இருப்பவர்க்குக் கடன்பட்டவர்! அங்கே தலைகுனிந்து நிற்க வேண்டியவர் வேறு. நிமிர்ந்து நிற்க வேண்டியவர் வேறு. ஒற்றி பிடித்திருப்பவர் குடியிருப்பவர் மட்டும் அல்லர், கடன் கொடுத்தவர். அவர் கொடுத்த பணத்துக்கு அந்த வீடே பொறுப்பு. வீடு விற்கப்பட்டாலும் அப்பொறுப்பு வீட்டோடு செல்லும். ஆனால் குத்தகைக்கென்று கொடுத்த முன்பணத்துக்கு, ஆவணத்தில் வேறு வகை எழுதப்படாவிடின், வீடு பொறுப்பன்று. உடையவரின் வாய்ச்சொல்லே பொறுப்பு.

சொல் மயக்கமும் பொருள் இழப்பும்

ஓர் எடுத்துக்காட்டு. தறி நெய்து வாழும் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் பல்லாண்டு பாடுபட்டு ஐந்து இலக்கம் உரூபா சேர்த்தனர். மாதந்தோறும் குடிக்கூலி கொடுத்து அலுத்துப் போயினர். தரகர் ஒருவர் வந்தார். 'லீசுக்கு ஒரு வீடு இருக்கிறது அண்ணே, போக்கியம்தான். மூன்று வருடம் கழித்துப் பணம் முழுசாகத் திரும்பும்' என்றார். அவர் சொன்ன ஒரே தொடரில் இரண்டு சொற்கள். இரண்டும் வேறு வேறு சட்டம். கேட்டவர்க்கு இரண்டும் விளங்கவில்லை. விளங்காதது பெரிதாகத் தோன்றுவது இயல்பு. 'சரிங்க' என்றனர்.

இருபது உரூபா முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. தலைப்பில் 'போக்கிய ஒப்பந்தம்'. உள்ளே 'லீசு தொகை'. அதன் கீழே 'வாடகை ஏதுமின்றி'. காலம் 11 திங்கள். பின்னர் நீட்டித்துக் கொள்ளலாம். பதிவு இல்லை, செலவு மிச்சம் என்றார் தரகர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். அதிலிருந்து நழுவுதற்கே 11 திங்கள் என்னும் கணக்கு. நூறு உரூபாவும் அதற்கு மேலும் உள்ள கடனுக்கான ஒற்றியோ, எத்துணைக் குறுங்காலமாயினும், பதிவு செய்யப்பட்டு, இருவர்க்குக் குறையாத சான்றாளர் கையெழுத்தும் பெற்றால்தான் ஒற்றி ஆகும். 59-ஆம் பிரிவு அவ்வாறு சொல்கின்றது.

இரண்டாண்டு கழிந்தது. ஒரு நாள் வைப்பகத்தார் வந்து கதவில் அறிவிப்பு ஒட்டினர். உடையவர் முன்னமே அவ்வீட்டை வைப்பகத்தில் ஈடாக வைத்துப் பெருங்கடன் வாங்கியிருந்தார், கட்டவில்லை. 2002-ஆம் ஆண்டின் கடன்மீட்புச் சட்டப்படி வீடு ஏலத்துக்கு வருகின்றது. நெசவாளர் தம் தாளை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் ஓடினார். வழக்கறிஞர் படித்தார். 'ஐயா, இது போக்கியமென்று தலைப்பில் இருக்கிறது, ஆனால் பதிவில்லை, ஆகையால் போக்கியம் ஆகாது. உள்ளே லீசு என்று இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்துக்கு வீடு பொறுப்பில்லை. வைப்பகத்தின் உரிமை உங்களுக்கு முந்தியது. வீட்டுக்காரர்மேல் பணம் கேட்டு வழக்குப் போடலாம்' என்றார். வீட்டுக்காரரோ ஊரில் இல்லை.

அவர் மனைவி கேட்ட கேள்வி ஒன்றுண்டு. 'நாங்க ஒத்தின்னுதானே ஐயா நெனச்சோம்?' ஆம்; அவர்கள் நினைத்தது ஒற்றி. நெஞ்சில் இருந்தது தாய்மொழிச் சொல். தாளில் எழுதப்பட்டது வேறு. நெஞ்சுக்கும் தாளுக்கும் இடையே இருந்த பிளவில் ஐந்து இலக்கமும் விழுந்துவிட்டன.

இத்தகைய குடும்பங்கள் தமிழ்நாட்டின் நகரங்கள் தோறும் இருக்கின்றன. இதற்கு மொழி மட்டுமே கரணியம் என்பது மிகை. பேராசையும் பொய்யும் எந்த மொழியிலும் நுழையும். 'ஒற்றி' என்று எழுதினும், பதிவு செய்யாவிடின் இழப்பு இழப்பே. ஆனால் பொருள் விளங்கும் சொல்லைக் கேட்டவன் வினவுவான். 'ஒற்றியா? அப்படியானால் வீட்டின்மேல் முன்கடன் இருக்கிறதா? எங்கே பதிவு செய்வோம்? யார் சான்றாளர்?' என்று கேட்க அவனுக்கு வாய் வரும். ஒற்றிக்கு நிலம் கொடுத்தும் வாங்கியும் பழகிய அவன் பாட்டனுக்கு இக்கேள்விகள் பாடமாக இருந்தன. 'லீசு' என்ற சொல்லைக் கேட்டவனுக்கோ நாவு எழாது. விளங்காத சொல் வினாவைக் கொல்லும். வினா செத்த இடத்தில் ஏமாற்று பிழைக்கும்.

உடையவர்க்கும் இதே தீங்கு நேர்கின்றது. நெருக்கடிக்கு நிலத்தை ஒற்றிவைத்த உழவன், தாளில் என்ன எழுதப்பட்டதென்று அறியாமல், 'கிரயம்' என்று எழுதப்பட்டதில் கைந்நாட்டு வைத்துவிட்டு நிலத்தை இழந்த கதைகள் சிற்றூர்களில் கேட்கப்படுவனவே. கிரயம் என்றால் விலை என்று அவனுக்குத் தெரியாது. 'நிலவிற்பனை' என்று எழுதியிருந்தால் அவன் கை நின்றிருக்கும். ஒற்றி என்று எழுதப்பட்ட நிலமோ ஒற்றியாகவே நிற்கும். ஒற்றிவைத்த நாளிலிருந்து முப்பது ஆண்டு கடந்துவிட்டது என்ற அளவிலேயே உடையவரின் மீட்புரிமை அழிந்துவிடாது என்று இந்திய உச்ச முறைமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. பணத்தைக் கொடுத்து உடைமையை மீட்கும் உரிமை ஒற்றி என்னும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றது. அச்சொல் ஏழையின் வேலி.

எல்லா அயற்சொல்லும் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை என்பதையும் இங்கு உணர வேண்டும். வாடகை என்று சொன்னால் பொருள் மயக்கம் நேர்வதில்லை. தமிழ்ச்சொல் ஒன்று வழக்கிழக்கின்றதே என்பதுதான் குறை. அக்குறையும் சிறிதன்று, ஆயினும் அதனால் எவரும் வீடிழப்பதில்லை. போக்கியம், லீசு, கிரயம், சுவாதீனம் என்பனவோ மயக்கி இழப்பிக்கும் சொற்கள். ஆகையால் தமிழ்த்தொண்டு செய்வோர் முதலில் நாடி அகற்ற வேண்டியவை ஆவணங்களில் உள்ள சொற்களே. மேடைத்தமிழ் தூயதாயிருந்து ஆவணத்தமிழ் அழுக்காயிருந்தால், மேடையில் கைதட்டியவன் பதிவகத்தில் ஏமாறுவான்.

செய்ய வேண்டுவன

பேசிக் கலைவதால் பயனில்லை. ஒவ்வொருவரும் செய்யக் கூடியவை சில உள.

ஒன்று: வீட்டு வாயிலில் தொங்கும் அட்டையில் 'குடிக்கூலிக்கு' என்றும், 'ஒற்றிக்கு' என்றும் எழுதுக. வேறு விளக்கம் தேவையில்லை. கேட்டு வருவோர்க்கு அது விளங்கும். விளங்காத ஓரிருவர் கேட்டுத் தெரிந்து கொள்வர். அவ்வாறு கேட்பதே முதற்பாடம்.

இரண்டு: மொத்தப் பணம் கொடுத்துக் குடிபோவோர், 'இது ஒற்றியா, குத்தகையா?' என்று முதல் வினாவாகக் கேட்க வேண்டும். இரண்டும் என்று விடை வந்தால் எழுந்து வந்துவிட வேண்டும். ஒற்றி என்றால் ஒற்றியாவணமாக எழுதிப் பதிவு செய்தல் வேண்டும். பதிவுச் செலவு மிகுதி என்று அஞ்சுவோர், இழக்கக் கூடிய முழுப்பணத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மூன்று: பணம் கொடுக்குமுன் பதிவகத்தில் வில்லங்கச் சான்று பெற்று, வீட்டின்மேல் முன்னைய ஈடோ ஒற்றியோ உண்டா என்று பார்க்க வேண்டும். மூல ஆவணங்கள் உடையவர் கையில் உள்ளனவா, வைப்பகத்தில் உள்ளனவா என்று கண்ணாற் காண வேண்டும்.

நான்கு: மாதக் குடிக்கூலிக்கு இருப்போரும் உரிமை அறிய வேண்டும். 1960-ஆம் ஆண்டின் பழைய சட்டம் நீங்கி, 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுப் புதுச்சட்டம் 2019 பிப்பிரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்; குடிக்கூலி அலுவலரிடம் பதிவு பெற வேண்டும். வேறு வகை உடன்பாடு இல்லாத இடத்து, முன்பணம் மூன்று திங்கள் குடிக்கூலிக்கு மேற்படலாகாது. பத்துத் திங்கள் முன்பணம் கேட்போரிடம் இதனைச் சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை.

ஐந்து: ஆவணம் எழுதுவோர்க்குத் தமிழன்பர்கள் துணை நிற்க வேண்டும். அவர்கள் பகைவர் அல்லர். தம் ஆசான் எழுதிய வாய்பாட்டையே வழிவழியாக எழுதுகின்றனர். குடிக்கூலி ஆவணம், குத்தகை ஆவணம், ஒற்றியாவணம், ஈட்டாவணம், விற்பனை ஆவணம் ஆகிய ஐந்துக்கும் எளிய தமிழில் படிவம் அமைத்து, வழக்கறிஞர் ஒருவரிடம் சரிபார்த்து, அவர்கள் கையிற் கொடுத்தால் மகிழ்ந்து ஏற்பர். ஓர் ஊரில் ஓர் ஆவண எழுத்தர் மாறினால், ஓராண்டில் பல நூறு குடும்பங்களின் தாள்கள் தமிழாகும்.

ஆறு: தாளைப் படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு தெருவிலும் படித்த இளைஞர் இருக்கின்றனர். கிழமையில் ஒரு மாலை, மன்றத்தில் அமர்ந்து, அண்டை வீட்டார் கொண்டுவரும் ஒப்பந்தத்தைப் படித்து, 'அத்தை, இதில் எழுதியிருப்பது ஒற்றி இல்லை, குத்தகை. பணத்துக்கு வீடு பொறுப்பில்லை' என்று சொல்லுங்கள். அந்த ஒரு தொடர், நூறு தமிழ்வாழ்த்தை விடப் பெரிய தமிழ்த்தொண்டு.

பெரியீர்! மொழி என்பது பாட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் மட்டும் உரியதன்று. ஒருவன் உறங்கும் கூரைக்கும், உழும் நிலத்துக்கும், மகள் திருமணத்துக்கென்று சேர்த்த பணத்துக்கும் அதுவே காவல். தன் உடைமையைத் தன் மொழியில் எழுதாதவன், வீட்டுக் கதவின் திறவுகோலை வழிப்போக்கனிடம் கொடுத்தவன் ஆவான். 'குடக்கூலி' என்று சொல்லும் பாட்டியும், 'ஒத்திதானே ஐயா?' என்று கேட்ட அந்த நெசவாளர் மனைவியும் இன்னும் அச்சொற்களை விடாமல் வைத்திருக்கின்றனர். நெஞ்சில் இருப்பதைத் தாளில் ஏற்றுவதே எஞ்சிய பணி. அப்பணி முடியும் நாளில், வீட்டு வாயிலில் தொங்கும் அட்டையும் தமிழாக இருக்கும். அவ்வாயிலுள் நுழையும் குடும்பமும் அச்சமின்றி உறங்கும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்க்குடி!